எம்எம்ஏ இவ்வளவு வளர்ந்த பிறகும் பாக்ஸிங் நிலைக்குமா?

யூஎஃப்சி கம்பெனி நடத்துவது மாதிரியான எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) போட்டிகள் பக்கம் இளைஞர் கூட்டம் போய்விட்டதே, இனி குத்துச்சண்டை தன் செல்வாக்கைக் காப்பாற்றிக்கொள்ளுமா என்பது கேள்வி. காப்பாற்றிக்கொள்ளும் என்பதுதான் என் பதில். ரசிகர்களை எம்எம்ஏ அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற பயம் எனக்கு இல்லை. எம்எம்ஏவை ஒரே கம்பெனி கையில் வைத்து நடத்தும் முறை பாக்ஸிங்குக்குள்ளும் நுழைவதுதான் எனக்குக் கவலை. நுழைய ஆரம்பித்தும் விட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கூட்டக் கணக்கைப் பார்த்துவிடலாம். 2015 மே 2 அன்று லாஸ் வேகஸில் நடந்த மேவெதர் - பக்கியாவ் சண்டைக்கு 46 லட்சம் பே-பர்-வியூ (ஒரு சண்டைக்கென்றே தனிக் கட்டணம் கட்டி டிவியில் பார்ப்பது) விற்றது. யூஎஃப்சி வரலாற்றிலேயே அதிகம் விற்றது 2018 அக்டோபரில் நடந்த கபீப் - மெக்ரெகர் சண்டை. அது 24 லட்சம். இடையில் 2017 ஆகஸ்டில் மேவெதரும் மெக்ரெகரும் மோதியபோது 43 லட்சம். எம்எம்ஏவின் மிகப் பெரிய நட்சத்திரமான மெக்ரெகர் தன் வாழ்நாளிலேயே அதிகம் பேர் பார்த்த சண்டையைப் போட்டது பாக்ஸிங் விதிகளின்படி, பாக்ஸிங் கிளவுஸ் மாட்டிக்கொண்டு. 2024 நவம்பரில் 58 வயது மைக் டைசனை ஜேக் பாலுக்கு எதிரே நிறுத்தியபோது டெக்ஸஸ் ஸ்டேடியத்தில் 70,000 பேருக்கு மேல் கூடினார்கள். அந்தச் சண்டையைப் பார்க்க எனக்கு மனம் வலித்தது, இருந்தாலும் அத்தனை பேரை இழுத்தது உண்மை. அதே மேடையில் அதற்கு முன் கேட்டி டெய்லரும் அமாண்டா செர்ரானோவும் போட்ட சண்டைதான் அன்றைய உண்மையான சண்டை. டைசனுக்காக உட்கார்ந்தவர்கள் பெண்கள் குத்துச்சண்டையின் மிகச் சிறந்த மோதல்களில் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆக, பெரிய இரவுகளில் பாக்ஸிங்கை அடித்துக்கொள்ள ஆளில்லை. சாதாரண சனிக்கிழமைகளில்தான் நிலைமை வேறு. அமெரிக்காவில் 45 வருஷம் பாக்ஸிங் காட்டிய எச்பிஓ 2018இல் கடையைக் கட்டியது. ஷோடைம் 2023 முடிவில் விலகியது. சண்டைகளை ஏற்பாடு செய்யும் டாப் ரேங்க் கம்பெனியுடன் ஈஎஸ்பிஎன் வைத்திருந்த ஒப்பந்தம் 2025 கோடையில் முடிந்தது. அதே 2025 ஆகஸ்டில் யூஎஃப்சிக்கும் பாராமவுண்டுக்கும் 7 வருஷத்துக்கு 770 கோடி டாலர் ஒப்பந்தம் ஆனது. யூஎஃப்சிக்கு அநேகமாக ஒவ்வொரு வாரமும் நிகழ்ச்சி உண்டு. அதன் ரசிகனுக்கு அடுத்த சண்டை எங்கே, எந்தச் சேனலில், யார் சாம்பியன் என்ற குழப்பமே கிடையாது. பாக்ஸிங் ரசிகனுக்கு இந்த மூன்றுமே குழப்பம்தான்.

இந்த இடத்துக்கு யூஎஃப்சி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் போட்டியில் ஆர்ட் ஜிம்மர்சன் என்ற பாக்ஸர் ஒரே ஒரு கையில் மட்டும் கிளவுஸ் போட்டுக்கொண்டு இறங்கினார். ராய்ஸ் கிரேசி அவரைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்ததும், இனி என்ன செய்வது என்று தெரியாமல் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். பிறகு செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதை மனிதச் சேவல் சண்டை என்று சொல்லி மாகாண ஆளுநர்களுக்கெல்லாம் கடிதம் எழுத, பல இடங்களில் தடை வந்தது. 2001இல் ஃபெர்டிட்டா சகோதரர்கள் மொத்தக் கம்பெனியையும் வாங்கக் கொடுத்தது வெறும் 20 லட்சம் டாலர். 2005 ஏப்ரலில் ஃபாரஸ்ட் கிரிஃபினும் ஸ்டீஃபன் போனாரும் தனிக் கட்டணம் இல்லாத கேபிள் டிவியில் 3 ரவுண்டும் மூச்சு விடாமல் அடித்துக்கொண்டார்கள். கம்பெனி பிழைத்தது அந்த இரவால்தான் என்று அதை நடத்தியவர்களே சொல்வார்கள். 2016இல் விற்றபோது விலை ஏறக்குறைய 400 கோடி டாலர்.

இந்தக் காலமெல்லாம் பாக்ஸிங் என்ன செய்துகொண்டிருந்தது? தன் காலில் தானே வெட்டிக்கொண்டிருந்தது. டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று 4 அமைப்புகள், 17 எடைப் பிரிவுகள். ஒரே எடையில் ஒரே நேரத்தில் 4 பேர் உலக சாம்பியனாக இருக்கலாம். சண்டைகளை ஏற்பாடு செய்யும் ஒவ்வொரு புரமோட்டருக்கும் ஒரு சேனல், அந்தச் சேனலுக்கு இன்னொரு சேனலோடு பகை. மேவெதர் - பக்கியாவ் பேச்சு தொடங்கியது 2009இல். சண்டை நடந்தது 2015இல், இருவரும் உச்சத்தைத் தாண்டிய பிறகு. எரால் ஸ்பென்ஸும் டெரன்ஸ் கிராஃபோர்டும் மோதுவதற்கும் அப்படித்தான் வருஷக்கணக்கில் காக்க வைத்தார்கள். பிரிட்டனின் ஹெவிவெயிட்கள் ஃப்யூரியும் ஜோஷுவாவும் இருவருமே சாம்பியன் பெல்ட்டோடு இருந்தபோது லண்டனில் மோதியிருந்தால் பிரிட்டனே நின்று பார்த்திருக்கும். அது நடக்கவேயில்லை. இப்படி ஏமாந்த ரசிகன் யூஎஃப்சி பக்கம் போனதற்கு யூஎஃப்சியைக் குறை சொல்ல முடியாது.

இதற்கு மேல் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். எம்எம்ஏ முழுமையான சண்டை, பாக்ஸிங் அதில் ஒரு துண்டு, ஆகவே முழுசு வந்தால் துண்டு போய்விடும் என்று ஒரு வாதம் உண்டு. இரண்டையும் கூர்ந்து பார்த்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். 2010இல் பாஸ்டனில் ஜேம்ஸ் டோனி என்ற மூன்று எடைகளில் உலக சாம்பியனான பாக்ஸர் யூஎஃப்சியில் இறங்கினார். ராண்டி கூட்டூர் சில நொடிகளில் காலைப் பிடித்து விழவைத்து, முதல் ரவுண்டிலேயே கழுத்தை நெரித்து முடித்தார். அதைப் பார்த்துப் பாக்ஸிங் செத்தது என்றார்கள். மெக்ரெகர் பாக்ஸிங்குக்கு வந்து, முதல் சில ரவுண்டுகள் நன்றாகவே ஆடி, பிறகு மூச்சு வாங்கி 10ஆம் ரவுண்டில் நின்றுபோனபோது எம்எம்ஏ போலி என்றார்கள். இரண்டுமே தவறான தீர்ப்பு. இரண்டும் வேறு வேறு விளையாட்டு என்பதற்கு மேல் அவை எதையும் நிரூபிக்கவில்லை.

பிரான்சிஸ் எங்கானுவின் கதை இன்னும் தெளிவானது. யூஎஃப்சி ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தபோதே கம்பெனியை விட்டு வெளியேறி, 2023 அக்டோபரில் ரியாத்தில் டைசன் ஃப்யூரியோடு மோதினார். பாக்ஸிங்கில் அது அவருக்கு முதல் சண்டை. 3ஆம் ரவுண்டில் இடது ஹூக் ஒன்று விழ, ஃப்யூரி தரையில் கிடந்தார். 10 ரவுண்டு முடிவில் ஃப்யூரிக்கு ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு வெற்றி. நடுவர்களில் ஒருவர் எங்கானுதான் ஜெயித்தார் என்று எழுதியிருந்தார். அந்த வாரம் முழுக்க பாக்ஸிங்கைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. அடுத்த மார்ச்சில் அதே ரியாத்தில், ஒழுங்காகத் தயாராகி வந்த ஆண்டனி ஜோஷுவா அவரை 3 தடவை விழவைத்து 2ஆம் ரவுண்டிலேயே முடித்தார். கடைசி வலது கைக் குத்தில் எங்கானு விழுந்த விதம் பார்க்கவே பயமாக இருந்தது. இயற்கையான பலமும் தைரியமும் ஒரு இரவு கைகொடுக்கும். வருஷக்கணக்கில் பழகிய தூரக் கணக்கும் கால் வைப்பும் ஒவ்வொரு இரவும் கைகொடுக்கும்.

அந்தத் தூரக் கணக்குக்காகத்தான் நான் பாக்ஸிங் பார்க்கிறேன். 2024 மே 18, ஃப்யூரி - உசிக் முதல் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்யூரி 6 அடி 9 அங்குலம்; உசிக் 6 அடி 3, கீழ் எடைப் பிரிவிலிருந்து மேலே வந்தவர். நடு ரவுண்டுகளில் ஃப்யூரி சிரித்துக்கொண்டே வயிற்றிலும் தாடையிலும் மாறி மாறி அப்பர்கட் (கீழிருந்து மேலே போகும் குத்து) வைத்தார். 6ஆம் ரவுண்டில் உசிக் தடுமாறினார். ஆனால் உசிக் முன்னால் வருவதை மட்டும் நிறுத்தவில்லை. வலது கையால் ஜாப் தட்டிக்கொண்டே, முன்காலை எப்போதும் ஃப்யூரியின் முன்காலுக்கு வெளியே வைத்தார். இடதுகை ஆட்டக்காரருக்கு அந்த ஒரு காலடி கிடைத்தால் இடது கை நேராக முகத்துக்குப் போகும். 8ஆம் ரவுண்டில் அது ஃப்யூரியின் மூக்கில் இறங்க ஆரம்பித்தது. 9ஆம் ரவுண்டில் ஒரு இடது கையில் ஃப்யூரியின் கால்கள் கழன்றன. அத்தனை பெரிய மனிதர் ஒரு கயிற்றிலிருந்து இன்னொரு கயிற்றுக்குத் தள்ளாடிப் போனார், உசிக் விடாமல் துரத்தினார், கயிறு தாங்கியதால்தான் விழவில்லை என்று நடுவர் கவுண்ட் கொடுத்தார். முடிவு ஒரு சில புள்ளிகளில். நடுவர் கொடுத்த அந்தக் கவுண்ட் இல்லாவிட்டால் உசிக்குக்கு அந்த வெற்றி கிடைத்திருக்காது. நாலு பெல்ட்டும் ஒருவரிடமே சேர்ந்த முதல் ஹெவிவெயிட் அவர்தான்.

இதைப் புரிந்துகொள்ள ஒருவர் எதையும் கற்றிருக்க வேண்டியதில்லை. அடிப்பவர் யார், வாங்குபவர் யார், யாருக்குக் கால் தளர்கிறது என்பது பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே மாதிரி தெரியும். எம்எம்ஏவில் தரைக்குப் போன பிறகு நடப்பது அற்புதமான வித்தை. முழங்காலை எங்கே செருகுகிறார், மணிக்கட்டை ஏன் பிடிக்கிறார் என்று தெரிந்தவருக்கு அது பெரிய விருந்து. தெரியாதவருக்கு இரண்டு பேர் கட்டிப்பிடித்துக் கிடப்பதுபோலத்தான் இருக்கும். அரங்கத்தில் ஊளையிடும் சத்தம் எழுவது அந்த நேரத்தில்தான். வருஷத்துக்கு ஒன்றிரண்டு சண்டை மட்டும் பார்க்கும் கோடிக்கணக்கானவர்களைப் பாக்ஸிங் இழக்காமல் இருப்பதற்கு இந்த எளிமை ஒரு முக்கியக் காரணம்.

எம்எம்ஏ பாக்ஸிங்கை முந்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஏற்கெனவே நடந்த உதாரணமே இருக்கிறது: ஜப்பான். 1997இல் டோக்கியோ டோமில் தொடங்கிய பிரைட் என்ற எம்எம்ஏ கம்பெனி, சில வருஷங்களில் யூஎஃப்சியையே சிறியதாக்கிவிட்டது. 2002இல் டோக்கியோ தேசிய ஸ்டேடியத்தில் 90,000 பேர் கூடியதாக அறிவித்தார்கள். சகுராபா, வாண்டர்லே சில்வா, ஃபெடோர் என்று வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்கள். பாக்ஸிங் ஓரமாகப் போயிருந்தது. 2006இல் நிழலுலகத் தொடர்பு பற்றிய செய்திகள் கிளம்ப, ஃபூஜி டிவி ஒப்பந்தத்தை ரத்து செய்தது. மறு வருஷமே பிரைட் யூஎஃப்சி முதலாளிகளுக்கு விற்கப்பட்டு மூடப்பட்டது. ஒரே கம்பெனியை, ஒரே சேனலை நம்பிய விளையாட்டு அந்தச் சேனல் போனதும் சரிந்தது. பாக்ஸிங்கை அங்கே யாரும் மொத்தமாக வாங்க முடியாது, ஆகவே மொத்தமாக மூடவும் முடியாது. ஊருக்கு ஊர் ஜிம்கள், ஜிம் முதலாளியே பயிற்சியாளர், அவர் வளர்த்த பையன்கள் என்று அது ஓடிக்கொண்டே இருந்தது. அதிலிருந்து நயோயா இனூவே வந்தார். 2024 மே 6 அன்று அதே டோக்கியோ டோமில் 40,000 பேருக்கு முன் லூயிஸ் நேரியோடு மோதினார். 1990இல் டைசன் பஸ்டர் டக்ளஸிடம் விழுந்த இரவுக்குப் பிறகு அங்கே நடந்த முதல் பாக்ஸிங் அது. முதல் ரவுண்டிலேயே இனூவே கீழே விழுந்தார், வாழ்க்கையில் முதல் முறையாக. எழுந்தவர் 6ஆம் ரவுண்டில் நேரியை முடித்தார். ஜப்பானின் மிகப் பெரிய கிக்பாக்ஸிங் நட்சத்திரமான டென்ஷின் நசுகாவாவும் 2023இல் பாக்ஸிங்குக்கு மாறிவிட்டார்.

அமெரிக்கச் சேனல்களை மட்டும் வைத்துப் பாக்ஸிங்கின் ஆயுளைக் கணிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பாக்ஸிங் ஊரோடு ஒட்டியது. மெக்சிகோ ரசிகர்களுக்கு மே 5ஐ ஒட்டிய வாரமும் செப்டம்பர் 16 சுதந்திர தினத்தை ஒட்டிய வாரமும் பாக்ஸிங்குக்கு என்றே ஒதுக்கப்பட்டவை. சாவேஸ் காலம் முதல் கனெலோ வரை அந்த நாட்களில் பெரிய சண்டை இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். பிரிட்டனில் 2024 செப்டம்பரில் ஜோஷுவா - டுபுவா சண்டைக்கு வெம்ப்லியில் 96,000 பேர். யூஎஃப்சி இதுவரை எந்த ஊரிலும் அத்தனை பேரைக் கூட்டியதில்லை. வடசென்னையில் சார்பட்டா என்றும் இடியப்ப நாயக்கர் என்றும் பரம்பரை சொல்லிச் சண்டை பார்த்த குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அங்கே டிவியும் இல்லை, பெல்ட்டும் இல்லை. எங்கள் வாத்தியார் பையன் ஜெயிக்கவேண்டும் என்ற வெறி போதுமானதாக இருந்தது.

ஒலிம்பிக்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. உலகக் குத்துச்சண்டைச் சங்கமான ஐபிஏ நிர்வாகச் சீர்கேட்டால் அங்கீகாரத்தை இழந்து, 2028 லாஸ் ஏஞ்சலிஸில் பாக்ஸிங்கே இருக்காதோ என்ற நிலை வந்தது. புதிய வேர்ல்ட் பாக்ஸிங் அமைப்பை ஏற்றுக்கொண்டு 2025 மார்ச்சில் ஒலிம்பிக்ஸ் கமிட்டியான ஐஓசி பாக்ஸிங்கைத் திரும்பச் சேர்த்தது. விஜேந்தர், மேரி கோம், லவ்லினா எல்லோரும் வந்த பாதை அது. ஏழை நாடுகளில் அரசு வேலையும் பயிற்சிக் கூடமும் ஒலிம்பிக்ஸ் பெயரைச் சொல்லித்தான் கிடைக்கின்றன. எம்எம்ஏவுக்கு இன்னும் அந்தக் கதவு திறக்கவில்லை.

யூஎஃப்சியிலும் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நினைக்கவேண்டாம். சிறந்தவர் சிறந்தவரோடு மோதுவார் என்பதுதான் அதன் பெருமை. டாம் ஆஸ்பினால் 2023 நவம்பரிலிருந்து இடைக்கால சாம்பியனாகக் காத்திருந்தார். ஜான் ஜோன்ஸ் அவரோடு மோதாமலேயே 2025 ஜூனில் ஓய்வு பெற்றார். மெக்ரெகருக்கு ஈடான அடுத்த நட்சத்திரம் இன்னும் வரவில்லை.

இனி என் கவலைக்கு வருகிறேன். 2023 முதல் சவூதி அரேபியாவின் பணத்தோடு துர்கி அலல்ஷிக் பாக்ஸிங்குக்குள் வந்தார். ஒருவரோடொருவர் பேசாத பிரிட்டன் புரமோட்டர்கள் ஃபிராங்க் வாரனையும் எடி ஹெர்னையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். ரசிகர்கள் வருஷக்கணக்கில் கேட்ட சண்டைகள் நடந்தன. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். 2025 மார்ச்சில் அவரும் யூஎஃப்சியின் தாய்க் கம்பெனியான டிகேஓவும் சேர்ந்து புதிய பாக்ஸிங் கம்பெனி ஒன்றை அறிவித்தார்கள். அதை நடத்தும் பொறுப்பு யூஎஃப்சியின் தலைவர் டேனா வைட்டுக்கு. நாலு பெல்ட் குழப்பம் வேண்டாம், எங்கள் பெல்ட் ஒன்று போதும் என்பது திட்டம்.

ரசிகனுக்கு இது வசதி. சண்டைக்காரனுக்கு? யூஎஃப்சி மேல் அதன் முன்னாள் வீரர்களே 2014இல் வழக்குப் போட்டார்கள். அதில் முன்வைக்கப்பட்ட கணக்குப்படி வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வீரர்களுக்குப் போனது. பெரிய பாக்ஸிங் சண்டைகளில் பாதிக்கும் மேல் வீரர்களுக்குப் போகும். கடைசியில் 37.5 கோடி டாலருக்கு யூஎஃப்சி சமரசம் செய்துகொண்டது. பாக்ஸர்களுக்கு அமெரிக்காவில் 2000ஆம் வருஷத்திய முகமது அலி சட்டம் இருக்கிறது. ஒரு சண்டையில் தனக்கு எவ்வளவு வருமானம் என்று புரமோட்டர் பாக்ஸரிடம் காட்டவேண்டும். புரமோட்டரே மேனேஜராகவும் இருக்கக்கூடாது. ரேங்கிங் போடுவது புரமோட்டர் வேலையல்ல. எம்எம்ஏ வீரர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சாம்பியன், ரேங்கிங், ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரே கம்பெனி வைத்துக்கொள்ள வழிசெய்யும் திருத்த மசோதா 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தது.

அடிமட்டத்தில் இருப்பவர்களுக்கு இப்போதைய முறை கொடுமையானது என்பதையும் சொல்லியாகவேண்டும். பிரிட்டனில் சின்ன ஹால் சண்டையில் இறங்கும் புதுப் பையன், தன் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் டிக்கெட் விற்று, அதிலிருந்து எதிராளியின் சம்பளத்தைக் கொடுத்து, மிஞ்சியதை வீட்டுக்கு எடுத்துப் போகிறான். சில நாள் ஒன்றும் மிஞ்சாது. அவனுக்கு மாதச் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் நல்ல பயிற்சிக் கூடமும் தரும் கம்பெனியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. காப்பீடு கொடுங்கள், கூடம் கட்டுங்கள், அலி சட்டத்தில் கை வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

காரணம், எங்கானுவும் கிராஃபோர்டும். எங்கானு சாம்பியனாக இருந்துகொண்டு யூஎஃப்சியை விட்டு வெளியேற, பெல்ட்டைத் துறந்து, முழங்கால் அறுவைச் சிகிச்சையோடு ஒரு வருஷம் ஒப்பந்தம் காலாவதியாகக் காத்திருக்கவேண்டி வந்தது. கிராஃபோர்ட் 2021இல் தன் புரமோட்டருடனான ஒப்பந்தம் முடிந்ததும் பெல்ட்டோடு வெளியே வந்தார். தனக்காகத் தானே பேசினார். 2023இல் ஸ்பென்ஸை 9ஆம் ரவுண்டில் நிறுத்தினார். 2025 செப்டம்பர் 13 அன்று, 37 வயதில், 168 பவுண்டு எடைப் பிரிவுக்கு ஏறி வந்து கனெலோ ஆல்வரெஸை வென்றார். 70,000 பேர் லாஸ் வேகஸ் ஸ்டேடியத்தில். நெட்ஃப்ளிக்ஸ் சந்தாதாரர்களுக்குத் தனிக் கட்டணமே இல்லை. மூன்று வெவ்வேறு எடைகளில் நாலு பெல்ட்டையும் ஒன்றுசேர்த்த முதல் ஆண் பாக்ஸர் ஆனார். அந்தச் சண்டையை நடத்திய கூட்டணியில் டேனா வைட்டும் இருந்தார். ஆனால் கிராஃபோர்ட் அங்கே வந்தது யாருடைய ஒப்பந்தத்துக்கும் கட்டுப்பட்டு அல்ல, தன் விலையைத் தானே சொல்லிக்கொண்டு.